மஜ்ஜை சிவந்த மான்

செந்நாய்கள் தின்றுவிட்டுப் போன ஒரு புள்ளிமானின் தொடை எலும்பை, சில ஆண்டுகளுக்கு முன் கோடை முடியும் தறுவாயில், என் கண்ணெதிரே ஒருவர் கல்லால் உடைத்துக் காட்டினார். அவர் காட்டுயிர் ஆய்வாளர். நான் அவருக்குப் பின்னால் ஒரு நாள் நடக்க அனுமதி வாங்கியிருந்த வேடிக்கைக்காரன். தலையும் தோலும் விலாக்கூடும் கால்களும் தவிர அங்கே எதுவும் மிச்சமில்லை. புல்லில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது, ஈக்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. எலும்புக்குள் வெண்ணெயைப் போல வெளுத்துக் கெட்டியாக இருக்கவேண்டிய மஜ்ஜை, சிவந்து நீர்த்த கூழாகி, எலும்பைச் சற்றே சாய்த்ததும் வழிந்து அவர் விரலை நனைத்தது. பட்டினி கிடக்கும் மானின் உடம்பில் கொழுப்பு முதலில் தோலுக்கு அடியிலும், அடுத்துச் சிறுநீரகத்தைச் சுற்றியும், எல்லாவற்றுக்கும் கடைசியில் எலும்புக்குள்ளும் கரையும் என்று விளக்கிவிட்டு, "செந்நாய் வராமல் இருந்திருந்தாலும் இது அடுத்த மழையைப் பார்த்திருக்காது" என்றார்.

மான்கள் குறைகின்றன என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்த எலும்பு நினைவுக்கு வருகிறது. ஓநாய் பெருகிவிட்டது, சிறுத்தை பெருகிவிட்டது, ஆகவே மான் குறைந்துவிட்டது என்ற வாதம் வேட்டைக்காரர்களிடம் மட்டுமல்லாமல், காட்டின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களிடமும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அன்றுவரை நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. இரைகொல்லி கொன்ற மானுக்குத் தடயம் உண்டு: கழுத்தில் பல் பதிந்த குழி, இழுத்துச் சென்ற தடம், மேலே வட்டமிடும் கழுகுகள். பட்டினியால் செத்த குட்டிக்கு இவை எதுவும் இல்லை. அது ஒரு புதரடியில் படுத்து, எழாமல், இரண்டே வாரத்தில் மக்கி மறைந்துவிடுகிறது. பிறக்காமலே போன குட்டிக்கோ உடல்கூட இல்லை. கண்ணில் படுகிற சாவை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் விடை ஓநாயின் பக்கம்தான் சாயும்.

ஆனால் ஒரு மானைக் கொன்றது எது என்ற கேள்வியும், மான்களின் தொகை ஏன் குறைந்தது என்ற கேள்வியும் ஒன்றல்ல. நிரம்பி வழிகிற ஒரு தொட்டியை எண்ணிப் பாருங்கள். விளிம்பில் வழியும் நீரை யார் ஏந்திக் குடித்தாலும் தொட்டியின் மட்டம் இறங்காது; தொட்டியின் அடியில் துளை விழுந்தால்தான் இறங்கும். ஒரு காட்டின் கடுங்குளிரோ கடுங்கோடையோ இத்தனை மான்களைத்தான் தாங்கும் என்று ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்குமேல் பிறந்தவற்றுள் பெரும்பாலானவை எப்படியும் சாகப்போகிறவை. ஓநாய் அவற்றை எடுத்துக்கொண்டால் அந்தச் சாவு ஏற்கெனவே நிகழவிருந்த இன்னொரு சாவுக்கு ஈடாகிவிடுகிறது. மாறாக, பிழைத்து அடுத்த ஆண்டு குட்டி ஈன்றிருக்கக்கூடிய மானை ஓநாய் கொன்றால் அது மற்றச் சாவுகளோடு கூடுதலாகச் சேரும் சாவு. ஆய்வாளர்கள் சண்டையிடுவதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்: குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட ஓர் ஆண்டில், நடந்த சாவு ஈடான சாவா, கூடுதல் சாவா?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பீயான்ஸ் படுகை என்னுமிடத்தில் மியூல் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்திலிருந்து கயோட்டிகளை அகற்றினார்கள். கயோட்டி ஓநாய்க்குச் சிறிய பங்காளி, மான்குட்டிகளைப் பிடிப்பதில் கைதேர்ந்தது. எதிர்பார்த்தபடியே கயோட்டியிடம் சாகும் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் பட்டினியில் சாகும் குட்டிகளின் எண்ணிக்கை அதற்கேற்பக் கூடியது. குளிர்காலத்தைக் கடந்து பிழைத்த குட்டிகளின் விகிதம் ஏறவில்லை. ஐடஹோவின் தென்கிழக்கில் 1997 முதல் 2003 வரை இன்னும் பெரிய அளவில், கயோட்டிகளோடு, மலைச்சிங்கம் எனப்படும் பூமாக்களையும் குறைத்துப் பார்த்தார்கள். பூமா குறைந்த இடங்களில் குட்டிகளின் விகிதம் ஓரளவு உயர்ந்தாலும், மான் தொகையின் போக்கை மாற்றும் அளவுக்கு அது போதவில்லை. ஏற்ற இறக்கத்தை முடிவுசெய்ததில் குளிர்காலத்தின் கடுமைக்கே பெரிய பங்கு இருந்தது. கொலராடோவிலேயே அன்கம்பாக்ரே பீடபூமியில் ஒரு பகுதி மான்களுக்குக் குளிர்காலத்தில் சத்தான தீவனம் கொடுத்தபோது, எந்த இரைகொல்லியையும் தொடாமலேயே குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. வயிறு நிறைந்திருந்த குட்டியைப் பிடிக்க அதே பூமாவாலும் அதே கயோட்டியாலும் முன்போல் முடியவில்லை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அவை பிடித்துக்கொண்டிருந்தவற்றில் பல, மஜ்ஜை சிவந்த குட்டிகள்.

இரைகொல்லியே இல்லாத இடத்தில் மான்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்க நமக்கு ஒரு தீவு இருக்கிறது. பெரிங் கடலில், அலாஸ்காவுக்கு மேற்கே, மனிதர் குடியிருக்காத புனித மத்தேயு தீவில் 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 துருவ மான்களை இறக்கியது. அங்கே அமைத்திருந்த வானொலி வழிகாட்டு நிலையத்தில் பணியாற்றிய சிலருக்கு அவசரகால இறைச்சி என்பதுதான் திட்டம். போர் முடிந்தது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் அங்கேயே நின்றுவிட்டன. தீவில் ஓநாய் இல்லை, கரடி வேட்டைக்கு வருவதில்லை, துப்பாக்கியும் இல்லை. தரை முழுவதும் நூற்றாண்டுகளாக யாரும் மேயாத, பாசிபோன்ற லைக்கன் மெத்தையாகப் படர்ந்திருந்தது. 1957-இல் டேவிட் கிளெய்ன் என்ற உயிரியலாளர் அங்கே போனபோது 1,300-க்கும் மேற்பட்ட மான்கள் கொழுத்துத் திரிந்தன. 1963-இல் மறுபடி போனார். ஏறத்தாழ 6,000 மான்கள். ஆனால் லைக்கன் மெத்தை மிதிபட்டுத் தேய்ந்துவிட்டிருந்தது. வளர்ந்த மான்களின் சராசரி எடை ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டின் குளிர்காலம் வழக்கத்தைவிடக் கொடியதாக அமைந்தது. 1966-இல் அவர் திரும்பிப் போனபோது தீவெங்கும் எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தவை 42. அவற்றுள் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் கொம்பு சரிவர வளராத, இனவிருத்திக்கு உதவாததாகத் தோன்றிய ஆண். அந்தக் கோடையில் ஒரு குட்டியைக்கூட அவர் காணவில்லை. 1980-கள் முடிவதற்குள் தீவில் துருவ மான் என்பதே இல்லாமல் போனது.

29-இலிருந்து 6,000-க்கு ஏற 19 ஆண்டுகள் பிடித்தன. 6,000-இலிருந்து சரிந்து விழ ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. அழிவின் வேகத்தைவிட, அது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த விதம்தான் என்னை உறுத்துகிறது. 1963-இல் தீவுக்குப் போய் மான்களை எண்ணிய எவரும் தொகை செழிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். எடையை அளந்தவருக்கே வேறு கதை தெரிந்திருக்கும்.

இதே பாடத்துக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது அரிசோனாவின் கைபாப் பீடபூமியை. அங்கே 1906-இல் காப்பிடம் அறிவித்து, மான் வேட்டையைத் தடுத்து, பூமாக்களையும் ஓநாய்களையும் கயோட்டிகளையும் ஆயிரக்கணக்கில் கொன்று தீர்த்தார்கள். மான்கள் பெருகி, மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிட்டு, 1920-களின் நடுவில் பட்டினியால் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கதை இதுவரை சரி. ஆனால் அதில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு இலட்சம் மான்கள் என்ற எண்ணை நான் பயன்படுத்தத் தயங்குகிறேன். அது அக்காலத்தில் பலர் சொன்ன பல ஊகங்களுள் மிகப் பெரிய ஊகம். மற்றவர்கள் சொன்ன எண்கள் அதைவிட வெகுவாகக் குறைவு. அதே ஆண்டுகளில் அந்தப் பீடபூமியில் மேய்ந்த ஆடுமாடுகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைக்கப்பட்டதால் மான்களுக்குப் புல் கூடியிருக்கலாம் என்று 1970-இல் கிரேம் காஃலி என்ற உயிரியலாளர் சுட்டிக்காட்டினார். அங்கே அந்த ஆண்டுகளில் முளைத்த ஆஸ்பென் மரங்கள் மிகக் குறைவாகவே பிழைத்திருப்பதைப் பின்னாளில் மர வளையங்களை எண்ணிக் கண்டபோது, மான் பெருக்கம் உண்மைதான் என்பது மறுபடி வலுப்பெற்றது. ஓநாய்க்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் தங்கள் கணக்கை ஊதிப்பெருக்கத் தேவையில்லை.

மறுபக்கத்துக்கும் நியாயம் செய்தாகவேண்டும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குச் சற்று முன்பு பூங்காவின் வடபகுதியில் எல்க் மான்கள் ஏறத்தாழ 19,000 இருந்தன. 2013 வாக்கில் 4,000-ஐ ஒட்டி வந்து நின்றன. இந்தச் சரிவில் ஓநாய்க்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதே ஆண்டுகளில் வேறு என்னென்ன நடந்தன என்பதையும் பார்க்கவேண்டும். பூமாக்களும் கிரிஸ்லி கரடிகளும் தாமாகவே பெருகிவந்தன. பல ஆண்டுகள் வறட்சி. பூங்காவின் எல்லைக்கு வெளியே, குளிர்காலத்தின் பிற்பகுதியில், பெண் எல்குகளைச் சுடுவதற்கென்று ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் தொடர்ந்து சில ஆண்டுகள் வழங்கப்பட்டன.

இங்கே தமிழ் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் நம் பழைய நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. மான் தொகையைப் பற்றிய பேச்சில் இந்தப் பிரிவு இல்லாமல் ஓர் அடிகூட நகரமுடியாது. ஒரு கலை பல பிணைகளோடு சேரும் என்பதால் கலைகளில் ஒரு பகுதி குறைந்தாலும் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. பிணை குறைந்தால் குறைந்ததுதான். பிணையிலும் எந்த வயதுப் பிணை என்பது முக்கியம். யெல்லோஸ்டோனில் ஓநாய்கள் கொன்ற வளர்ந்த பெண் எல்குகளின் சராசரி வயது ஏறத்தாழ 14. வேட்டைக்காரர்கள் சுட்ட பெண் எல்குகளின் சராசரி வயது அதில் பாதிதான். பதினான்கு வயதுக் கிழவி இன்னும் ஒன்றோ இரண்டோ குட்டிகள் ஈன்றால் அதிகம். ஆறேழு வயதுப் பிணைக்கு முன்னால் இன்னும் பல ஈற்றுகள் இருக்கின்றன. துப்பாக்கிக்குத் திடகாத்திரமான விலங்கும் தளர்ந்த விலங்கும் ஒன்றுதான், தூரத்திலிருந்து இரண்டையும் ஒரே சுலபத்தில் வீழ்த்தலாம். ஓநாய்க்கோ தன்னைப்போல் ஐந்தாறு மடங்கு எடையுள்ள எல்கின் ஓர் உதை போதும், தாடை முறிந்து பட்டினியில் சாக. அதனால் அது விரட்டிப் பார்த்து, நின்று முறைப்பதை விட்டுவிட்டு, நொண்டுவதைத்தான் தேடுகிறது. தலைகளை மட்டும் எண்ணினால் ஓர் ஓநாய்க் கூட்டமும் ஒரு வேட்டைக் குழுவும் சமமாகத் தெரியலாம். தொட்டியின் கணக்கில் முன்னது பெரும்பாலும் விளிம்பில் குடிக்கிறது, பின்னது அடியில் துளையிடுகிறது.

கரடியின் பங்கில் ஒரு விசித்திரமான கிளைக்கதையும் உண்டு. யெல்லோஸ்டோன் ஏரிக்குச் சொந்தமான கட்த்ரோட் டிரௌட் மீன்கள் முட்டையிடுவதற்காகச் சிற்றோடைகளில் ஏறிவரும். வசந்தத்தில் கிரிஸ்லி கரடிகள் அந்த ஓடைகளில் நின்று அவற்றை அள்ளித் தின்னும். யாரோ கொண்டுவந்து விட்ட வேறொரு வகையான ஏரி டிரௌட் அங்கே இருப்பது 1994-இல் தெரியவந்தது. அது கட்த்ரோட்டைத் தின்று தீர்க்கிறது; தான் ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து அங்கேயே முட்டையிடுவதால் கரடியின் கைக்கும் எட்டுவதில்லை. மீனை இழந்த கரடிகள் அதே பருவத்தில் பிறந்து புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் எல்க் கன்றுகளைத் தேடிப் போயின. எல்க் கன்று குறைந்ததற்கு ஏரியில் விட்ட மீன் ஒரு காரணம் என்று சொன்னால் முதலில் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

உலகின் பெரும்பகுதிக் காடுகளில் மான் குறைவதற்கு இவ்வளவு சுற்றிவளைத்த காரணங்கள் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அங்கே காரணம் சுருக்குக் கம்பி. மிதிவண்டியின் பிரேக் கம்பியோ வண்டி கிளட்ச் கம்பியோ ஒரு துண்டு போதும். மான் வழக்கமாகப் போகும் ஒற்றையடித் தடத்தில் ஒரு வளைந்த கழியோடு கட்டிவிட்டுக் கட்டியவர் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கம்பி கலை, பிணை, சினை, குட்டி, புலி எதையும் பார்ப்பதில்லை. கட்டியவர் மறந்துபோன பிறகும் மாதக்கணக்கில் கொல்லும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1.2 கோடிக்கும் மேற்பட்ட சுருக்குகள் இருக்கலாம் என்று உலகக் காட்டுயிர் நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. மரங்கள் அப்படியே நிற்கின்றன, செயற்கைக்கோள் படத்தில் காடு பச்சையாகவே தெரிகிறது, உள்ளே குளம்புத் தடம் இல்லை.

அத்தகைய காட்டில் முதலில் மறைவது புலி. கர்நாடகத்தின் நாகரஹொளேயிலும் பிற காடுகளிலும் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்தும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் கணக்கு எளிமையானது: ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவுள்ள ஏறத்தாழ 50 விலங்குகள் வேண்டும்; தன் நிலப்பரப்பில் இருக்கும் இரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது ஆண்டுதோறும் எடுக்கிறது; ஆகவே ஒரு புலி வாழ ஏறத்தாழ 500 இரைவிலங்குகள் நிலையாக இருந்தாகவேண்டும். இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் படிக்கலாம். புலிகள் நிறைந்த காடு என்பது மான்கள் நிறைந்த காடு. மான் தொகை சரிந்தால் பெண் புலி குட்டிகளை வளர்க்கமுடியாமல் தவித்து, பிறகு ஈனாமலே போய், ஒருநாள் இல்லாமலே போகும். கம்போடியாவில் புலிகளே இல்லை என்ற முடிவுக்கு 2016-இல் வந்தார்கள். அங்கே மான்களைப் புலி தின்று தீர்த்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, இரைகொல்லியைக் கொல்வதால் மானுக்கு ஒருபோதும் பயனில்லை என்று நான் எழுதிவிட்டுப் போனால் அது பொய்யாகும். தொகை நன்றாக இருக்கும்போது விளிம்பில் குடிக்கிற அதே ஓநாய், தொகை அதலபாதாளத்துக்குப் போய்விட்ட இடத்தில் அடித்துளையாகிவிடுகிறது. அங்கே உபரி என்று எதுவுமே இல்லை, சாகும் ஒவ்வொன்றும் கூடுதல் சாவு. கனடாவின் காடுகளில் வாழும் காரிபூ மான்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். காரிபூவும் துருவ மானும் ஒரே இனம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைக்காடுகளில் அவை குளிர்காலத்தில் முதிர்ந்த மரங்களில் தாடிபோலத் தொங்கும் லைக்கனைத் தின்று, ஓநாய்க்கு எட்டாத ஆழ்ந்த பனியில் ஒதுங்கி வாழ்ந்துவந்தவை. முதிர்ந்த காட்டை வெட்டியதும் அந்த வெளியில் இளம் புதர்கள் தழைத்தன. புதரை மேய மூஸ்களும் பிற மான்களும் வந்து பெருகின. அவற்றைத் தின்று ஓநாய்கள் பெருகின. மரம் ஏற்றவும் எண்ணெய் தேடவும் காட்டுக்குள் நேராக வெட்டிய பாதைகள் ஓநாய்களுக்கு நடக்கச் சுலபமான சாலைகளாயின. காரிபூவை ஓநாய் தேடிப்போவதுகூட இல்லை, மூஸைத் தேடிப்போகும் வழியில் எதிர்ப்பட்டால் கொல்கிறது. காரிபூ குறைந்துகொண்டே போனாலும் ஓநாய்க்கு மூஸ் இருப்பதால் அது குறைவதில்லை. கடைசிக் காரிபூ சாகும்வரை இது தொடரக்கூடியது.

அதனால் அங்கே 2015 முதல் குளிர்காலந்தோறும் ஹெலிகாப்டரிலிருந்து ஓநாய்களைச் சுடுகிறார்கள்; சில கூட்டங்களில் சினைப்பட்ட காரிபூக்களை வேலியிட்ட காவல் தொழுவத்தில் வைத்து, குட்டி ஈன்று சில வாரம் ஆனபிறகு திறந்துவிடுகிறார்கள். இப்படிச் செய்த சில கூட்டங்களில் சரிவு நின்று, தொகை ஏறியும் இருக்கிறது. ஓநாயைச் சுடுவது கொடுமை, உடனே நிறுத்துங்கள் என்று வாதிடுகிறவர்களோடு என்னால் சேரமுடியவில்லை. இன்று நிறுத்தினால் சில கூட்டங்கள் கண்ணெதிரே முடிந்துபோகும். ஓநாயைச் சுடுகிறோம், ஆகவே காரிபூவைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறவர்களோடும் சேரமுடியவில்லை, ஏனென்றால் அதே மலைகளில் மரவெட்டும் நிற்கவில்லை. இன்று நடும் கன்று லைக்கன் தொங்கும் முதிர்ந்த மரமாவதற்கு எண்பது, நூறு ஆண்டுகளாவது ஆகும். அத்தனை குளிர்காலங்களிலும் அந்த ஹெலிகாப்டர் பறந்தாகவேண்டும்.